குட்டி நடுவில் இருந்தது

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



தை மாதத்தில் எங்கள் பங்கில் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தோம். தலைப்பு, 'கடவுளின் படைப்பு'. வழக்கம்போல இரண்டு மலை, நடுவில் சூரியன், கிளி, மான், மயில். ஜவளகிரிக் காட்டோரத்திலிருந்து வரும் ஒரு சிறுமி மட்டும் யானைக் கூட்டத்தை வரைந்திருந்தாள். அதுவும் ராகிக் கொல்லைக்குள் நிற்கும் கூட்டம். ஒரு மூலையில் பரண்மேல் டார்ச் விளக்கோடு ஒரு ஆள்.

அந்த ஆள் அவளுடைய அப்பா. அறுப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் கொல்லை மிதிபட்டது எனக்குத் தெரியும். "உங்க அப்பா பாடுபட்டதை அழிச்சதையா வரைஞ்சே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் சொன்னாள்: "குட்டி நடுவுல இருந்துச்சு ஃபாதர். பெரிசுங்க சுத்தி நின்னுச்சுங்க. அன்னைக்கு ராத்திரி எங்கம்மாவும் எங்களை அப்படித்தான் வச்சிருந்தாங்க."

பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாகச் சானமாவு வரை வரும் யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது. நாம்தான் இடையில் தொழிற்பேட்டையும் நெடுஞ்சாலையும் வீட்டுமனையும் போட்டோம். 2014-ல் காவேரி வடக்கு, 2022-ல் காவேரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1,190 சதுர கிலோமீட்டர். நல்லதுதான். ஆனாலும் ராகி முற்றும் வாசனை சரணாலய எல்லையில் நின்றுவிடுவதில்லையே! யானை மிதித்து இறந்தவருக்கு அடக்கத் திருப்பலி வைத்திருக்கிறேன். மின்வேலியில் சிக்கி விழுந்துகிடந்த யானையையும் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒலிவாங்கி முன் உட்கார்ந்துகொண்டு, 'யானையை நேசியுங்கள்' என்று சுலபமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்தபோது நீலகிரியின் ஆலு குறும்பர் ஓவியங்கள் நினைவுக்கு வந்தன. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் அவற்றை வரைகிறார்கள். வேங்கை மரத்துப் பிசினில் பழுப்பும் மஞ்சளும், இலைச் சாற்றில் பச்சை. மலைப்பாறையில் கொடியேணி கட்டித் தொங்கித் தேன் எடுப்பது, தேனீ, மரம், விலங்கு, இவையெல்லாம் அவற்றில் வரும். காட்டை வரையக் காடே வண்ணம் தருகிறது. வேங்கை மரம் போய்விட்டால் அந்த நிறமும் போய்விடும். அவர்கள் வரையும் காடு, பயமும் பிழைப்பும் சேர்ந்த காடு. நம் ஊர்ச் சுவர்களில் சிரித்துக்கொண்டு நிற்கும் விளம்பர யானை அந்த இனமல்ல.

யோபுவை நினைத்துப் பாருங்கள். கால்நடை, பிள்ளைகள், உடல்நலம் எல்லாவற்றையும் இழந்தவர். 'ஏன்?' என்று கேட்கிறார். கடவுளோ காரணம் சொல்லாமல் அவர் கண்முன் படம் படமாக விரிக்கிறார்: பாறை இடுக்கில் குட்டி ஈனும் வரையாடு, நகரத்துச் சந்தடியைப் பார்த்துச் சிரிக்கும் காட்டுக் கழுதை, ஏருக்குப் பணியாத காட்டெருமை, மண்ணில் முட்டையை விட்டுச் செல்லும் தீக்கோழி. பெரும்பாலும் மனிதனுக்கு ஒரு காசுக்கும் உதவாதவை! இழந்து நிற்பவனிடம் இதையா காட்டுவது என்று பல ஆண்டுகள் எனக்கு வருத்தமே இருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், ஒவ்வோர் உயிரும் நமக்குப் பயன்படுவதற்காக மட்டும் இல்லை, கடவுள் பார்வையில் தனக்கென்று ஒரு மதிப்பு அதற்கு உண்டு என்கிறார். அதைப் படித்தும் முழுதாக விளங்கவில்லை. அந்தச் சிறுமியின் படத்தில் கொஞ்சம் விளங்கிற்று. அவளும் இழந்த வீட்டுப் பிள்ளைதான். இழந்த இரவிலும் அந்தக் குட்டியைப் பார்த்திருக்கிறாள்.

இழப்பீட்டு மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பங்கு மக்கள் சேர்ந்து விதைக்கும் உழவுக்கும் கொடுத்தார்கள். போதாது என்பது எங்களுக்கே தெரியும்.

போன ஞாயிறு பிள்ளைகளின் படங்களைப் பங்கு மண்டபத்தில் மாட்டினோம். அவளுடைய அப்பா பூசை முடிந்து வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். கோபப்படுவாரோ என்று பக்கத்தில் போனேன். முன்னால் நின்ற பெரிய யானையைக் காட்டி மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இதுக்கு இடது காது கிழிஞ்சிருக்கும்மா. அதை விட்டுட்டியே."