கோடு நோயின் மேலா, ஆளின் மேலா?



மருத்துவம் நான்கு கூறுடையது என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுத்துரைக்கின்றது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைபுரிபவன் என்பன அந்நான்கு. இற்றை நாளில் இவற்றோடு ஐந்தாவதாக ஒன்று வந்து சேர்ந்துவிட்டது. செலவை ஏற்பவன் யார் என்பதே அது. நான்கும் ஒருங்கே அமைந்திருந்தும் ஐந்தாவது இன்மையால் மாண்டோர் பலர். செல்வனுக்கு இக்கேள்வி எழுவதில்லை. ஏழைக்கோ நோயினும் முந்தி இதுவே எழுகின்றது. இதற்கு விடைகாண முற்பட்ட ஒரு சட்டத்தின் வரலாறே இன்று இவ்வவைமுன் வைக்கப்படுவது.

அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் உள்ளது ஒரிகன் மாநிலம். அந்நாட்டில் வறியோர்க்கென 1965ஆம் ஆண்டு ஏற்பட்ட அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு மெடிக்கெய்டு என்று பெயர். அதன் செலவை நடுவணரசும் மாநில அரசும் பகிர்ந்து கொள்கின்றன. பெயர் ஏழைகளின் காப்பீடு. ஆயின் ஏழைகள் அனைவர்க்கும் அதில் இடம் இருந்ததில்லை. 1980களின் இறுதியில் ஒரிகனில் ஒரு குடும்பம் அதிற் சேரவேண்டுமானால், அதன் வருவாய் வறுமைக்கோட்டின் பாதிக்குச் சற்று மேற்பட்ட அளவைத் தாண்டலாகாது. பிள்ளையற்றவன், முதுமையும் உடற்குறையும் இல்லாதவனாயின், எத்துணை வறியனாயினும் அவனுக்குக் கதவு அடைப்பே.

1987ஆம் ஆண்டு அம்மாநில மன்றம் ஒரு முடிவு செய்தது. ஏறத்தாழ 30 பேருக்குச் செலவாகக்கூடிய உறுப்பு மாற்று அறுவைக்கான பணத்தை நிறுத்தி, அதனைக் கருவுற்ற தாய்மார்க்கும் குழந்தைகட்குமாக ஏறத்தாழ 1,500 பேருக்குப் பயன்படுத்துவது என்பது அது. கணக்கு என்ற அளவில் அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கணக்கின் மறுபக்கத்தில் ஏழு அகவைச் சிறுவன் ஒருவன் இருந்தான். குருதிப் புற்றுநோயுற்ற அவனுக்கு எலும்பு மச்சை மாற்று வேண்டியிருந்தது. அரசு கைவிரித்தது. குடும்பத்தார் ஊராரிடம் கையேந்தினர். வேண்டிய தொகை முழுதும் சேருமுன் அவ்வாண்டு திசம்பரில் சிறுவன் இறந்தான். நாடே கொதித்தெழுந்தது.

அப்போது அம்மாநில மேலவையின் தலைவராக இருந்தவர் சான் கிட்சாபர். மருத்துவமனையின் நெருக்கடிப் பிரிவில் பணியாற்றிய மருத்துவர் அவர். அவர் எழுப்பிய வினா கூரியது. அச்சிறுவனின் முகத்தை நாடு கண்டது. காப்பீடே இல்லாது, மருத்துவரை அணுகவும் இயலாது மறையும் ஆயிரக்கணக்கானோரின் முகத்தைக் கண்டவர் யார்? பணம் குறையுந்தோறும் மாநிலங்கள் செய்வது என்ன? வருவாய் வரம்பைத் தாழ்த்திச் சிலரை ஓசையின்றி வெளியேற்றுகின்றன. வெளியேற்றப்பட்டவனுக்கு எந்த நோய்க்கும் காப்பில்லை. ஆகலின் ஆளை வெட்டாதே. வறுமைக்கோட்டின் கீழுள்ளார் அனைவரையும் உள்ளே சேர். வெட்டியே ஆகவேண்டுமெனின், பயன் குன்றிய பண்டுவத்தை வெட்டு. அதையும் ஊரறிய வெட்டு என்பதே அவர் கொள்கை. 1989ஆம் ஆண்டு அதுவே சட்டமாயிற்று.

சட்டம் அன்று இயங்கிய முறை இது. மருத்துவர் ஐவர், பொதுநலச் செவிலியர் ஒருவர், குமுகப் பணியாளர் ஒருவர், பொதுமக்கள் சார்பில் நால்வர் எனப் பதினொருவர் கொண்ட ஆணையம் ஒன்று அமைந்தது. நோயும் அதற்குரிய பண்டுவமுமாக இணை இணையாக எடுத்து, முதன்மையானது மேலும் அல்லாதது கீழுமாக ஆணையம் வரிசைப்படுத்தும். மன்றம் தன்னிடமுள்ள பணத்தைக் கணக்கிட்டு, பட்டியில் ஒரு கோடு கிழிக்கும். கோட்டின் மேலுள்ளவை அனைத்தும் அனைவர்க்கும் உண்டு. கீழுள்ளவை எவர்க்கும் இல்லை. மன்றம் கோட்டை ஏற்றலாம், இறக்கலாம். வரிசையை மாற்றல் ஆகாது. கெஞ்சுபவனுக்கு ஒரு முறையும் அறியாதவனுக்கு ஒரு முறையும் இல்லாதபடி காக்கவே இவ்வேற்பாடு.

முதற்பட்டி 1990ஆம் ஆண்டு மே திங்களில் வெளிவந்தது. செலவையும் பயனையும் வகுத்துக் கண்ட எண்களே அதன் அடிப்படை. விளைவு என்ன? கருப்பைக்கு வெளியே கரு தங்கிய பெண்ணின் உயிர்காக்கும் அறுவைக்கு மேலே, பல்லுக்கு உறையிடும் வேலை இடம்பெற்றிருந்தது! மலிவானது மேலேறிற்று, உயிர் கீழிறங்கிற்று. ஆணையம் அப்பட்டியைக் கைவிட்டு, மாந்தர் மதிப்பீட்டையும் சேர்த்து 1991இல் வேறொன்று ஆக்கியது. அதில் 709 வரிகள். மன்றம் 587ஆம் வரியின் கீழ்க் கோடு கிழித்தது. தானே தீரும் தடுமல் கீழே விழுந்தது. அதில் யாருக்கும் குறையில்லை. மது அருந்தி ஈரல் கெட்டவர்க்குரிய மாற்று அறுவையும் கீழே விழுந்தது. பிற காரணத்தால் கெட்டவர்க்கு மட்டும் அது உண்டென்று இருந்தது. இது மருத்துவத் தீர்ப்பா, ஒழுக்கத் தீர்ப்பா?

மக்கள் கருத்தறிய 1990இல் 47 ஊர்க்கூட்டங்கள் நடந்தன. ஏறத்தாழ ஆயிரம் பேர் வந்தனர். வந்தவருட் பெரும்பாலார் கல்லூரிக் கல்வி பெற்றவர். மருத்துவத் துறையினரும் மிகுதி. எவர்க்காகச் சட்டமோ அவ்வேழைகளோ மிகச் சிலரே. பந்தியில் அமராதவர்கள் கூடிப் பந்திக்கு உணவு வகுத்தனர். கோடு கிழித்த மன்றத்தாரும் அக்கோட்டின் கீழ் வாழ்பவர் அல்லர். தமக்கு நேராத குறையைப் பிறர்க்கு அளப்பவன் கை நடுங்குவதில்லை என்பதே இச்சட்டத்தின் பெருங்குறை.

நடுவணரசின் ஒப்புதலின்றிச் சட்டம் நடைமுறைக்கு வர இயலாது. 1992 ஆகத்தில் சார்ச்சு புசுவின் ஆட்சி அதனை மறுத்தது. உடற்குறையுடையாரின் உயிரைக் குறைத்து மதிப்பிடும் வகையில் வரிசை அமைந்துள்ளது என்பது அதற்குக் காட்டிய காரணம். பட்டி திருத்தப்பட்டது. 1993 மார்ச்சில் பில் கிளிண்டன் ஆட்சி ஒப்புதல் அளித்தது. 1994 பிப்பிரவரி முதல் நாள் திட்டம் தொடங்கியது. அப்போது 696 வரிகளில் 565 வரிகட்குப் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. முன்பு கதவடைப்பில் நின்றவருள் ஒரு நூறாயிரத்திற்கும் மேற்பட்டோர் உள்ளே வந்தனர். அடிப்படை மருத்துவம் ஏழைக்கு மறுக்கப்படும் என்று அஞ்சியவர்கள் எதிர்பார்த்த கேடு நேரவில்லை. எலும்பு மச்சை மாற்று உள்ளிட்ட பல பெரிய அறுவைகளும் கோட்டின் மேலேயே இடம்பெற்றன.

பின்னர்ச் சட்டம் எங்கே உடைந்தது? பட்டியில் அன்று. 2003ஆம் ஆண்டு மாநிலத்திற் பணமுடை வந்தது. கோட்டைத் தாழ்த்த நடுவணரசின் இசைவு வேண்டும். அஃது எளிதிற் கிட்டுவதன்று. ஆகவே, சட்டம் எதைச் செய்யக்கூடாது என்று பிறந்ததோ அதையே வேறு பெயரில் செய்தனர். புதிதாக உள்ளே வந்த ஏழைகளிடம் திங்கள்தோறும் 6 முதல் 20 தாலர் வரை கட்டணம் கேட்டனர். ஒரு திங்கள் தவறினால் ஆறு திங்கள் வெளியே! ஆறு தாலர் ஒரு தொகையா என்று வயிறு நிறைந்தவன் கேட்பான். ஓராண்டு முடிவதற்குள் அப்பிரிவில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியேறினர் என்பதே அதற்கு விடை. ஊரறியக் கிழித்த 565ஆம் வரி செய்யாத கேட்டை, ஓசையற்ற அந்த ஆறு தாலர் செய்தது.

2008இல் ஏறத்தாழ 10,000 இடங்கள் வந்தபோது ஏறத்தாழ 90,000 பேர் பெயர் பதிந்தனர். அரசு சீட்டெடுத்தது. ஊரவைக்கு ஆள்தேர உத்தரமேரூரில் குடவோலை போட்டதைத் தமிழர் அறிவர். மருத்துவம் பெறும் ஏழையைத் தேரவும் ஓலை போட்ட ஊர் ஒரிகன்! அச்சீட்டால் ஓர் அறிவு கிட்டியது. சீட்டு விழுந்தவரையும் விழாதவரையும் ஒப்பிட்டு ஆய்ந்து 2013இல் வெளியிட்டனர். இரண்டாண்டளவில் குருதி அழுத்தம் முதலிய அளவைகளில் தெளிவான முன்னேற்றம் தென்படவில்லை. ஆனால் உளச்சோர்வு பெரிதுங் குறைந்திருந்தது. குடும்பத்தையே கவிழ்க்கும் மருத்துவக் கடன் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. காப்பீடு ஏழைக்கு முதலில் தருவது அச்சமின்மை என்று இதனாற் பெறப்படும்.

2010ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டத்தால் 2014 முதல் வறுமைக்கோட்டிற்குச் சற்று மேலுள்ளாரும் ஒரிகனில் உள்ளே வந்தனர். நடுவணரசோடு 2022இற் செய்த உடன்பாட்டின்படி, வரிசைப்பட்டியின் ஆளுகை 2026ஆம் ஆண்டின் முடிவோடு நிற்கும் என்று முடிவாயிற்று. அதே 2022 நவம்பரில் மருத்துவம் ஒவ்வொருவர்க்கும் உரிமை என்று மாநில அரசமைப்பில் எழுதலாமா என மக்களிடம் கேட்கப்பட்டது. மிகச் சிறிய வேறுபாட்டில், எழுதலாம் என்று மக்கள் தீர்ப்பளித்தனர்.

அவையோரே! எந்த அரசின் கையிலும் அளவற்ற பணம் இல்லை. கோடு எங்கேனும் கிழிக்கப்பட்டே தீரும். ஆயின் அது நோயின் மேல் விழுகின்றதா, ஆளின் மேல் விழுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். அதனைக் கிழிக்கும் கை, அதன் கீழ் வாழப்போகும் கையா என்றும் பார்த்தல் வேண்டும். ஏழையின் நலத்திற்கு என்று சொல்லிவரும் எச்சட்டத்தையும் இவ்விரு வினாக்களாலும் உரைத்துப் பாருங்கள். கட்டணச் சிற்றெழுத்துகளைக் கடைசியாகவும் கண்ணூன்றியும் படியுங்கள். ஆள் வெளியேறும் வாயில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.