இட்லி மாவும் உலக ஆராய்ச்சியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவிலே இலக்கியம் பேசுவது மரபு. ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நம் அடுக்களையில் இருக்கிறது. நாம் நாள்தோறும் உண்ணும் இட்லியின் மாவு எப்படிப் பொங்குகிறது, அதனைக் கண்டறிந்தவர் யார், அந்த அறிவு யாருக்கு உரியது என்பனவே நான் கூற விரும்புவன.

என் தாயார் மணமாகிக் கும்பகோணத்திலிருந்து இந்தக் கரியாஹாட்டுக்கு வந்தபோது, முதலில் அவரைக் கலங்கச் செய்தது வங்க மொழி அன்று, மார்கழிக் குளிர்தான். லேக் மார்க்கெட்டில் தேடி வாங்கிய உளுந்தையும் புழுங்கலரிசியையும் ஊறவைத்து, ஊரில் செய்தவாறே ஆட்டி வைத்தார். விடியற்காலையில் மாவு வைத்தபடியே கிடந்தது. மூன்று நாள் இவ்வாறு ஆயிற்று. தம் கைராசி போய்விட்டதென்று அழுதாராம். மாடிக் குடியிருப்பிலிருந்த வங்க மூதாட்டி, நாங்கள் 'மாஷிமா' என்று அழைத்தவர், தாம் மிஷ்டி தொய் உறைய வைக்கும் மண்சட்டியைக் கம்பளியால் போர்த்தி அடுப்பங்கரையில் வைத்திருந்ததைக் காட்டினார். அன்றிரவு என் தாயாரும் மாவுப் பாத்திரத்தை அவ்வாறே போர்த்தி வைத்தார். மறுநாள் மாவு பொங்கிற்று. இருவருக்கும் பொதுவான மொழி அப்போது இல்லை; பொதுவான அனுபவம் இருந்தது.

இனி, இதன் விஞ்ஞானத்தைக் காண்போம். மைசூரில் 1950ஆம் ஆண்டு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வெ. சுப்பிரமணியன். தேசிகாச்சார் முதலிய அறிஞர்கள் அவரோடு சேர்ந்து, இட்லி மாவு புளிக்கும்போது அதிலே நிகழும் மாறுதல்களை ஆராய்ந்து 1960இல் கட்டுரை வெளியிட்டனர். ஐந்தாண்டு கழித்து, 1965இல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனீவா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மற்றொரு கட்டுரை வெளிவந்தது. அதனை எழுதியவர் ஐவர்: முகர்ஜி, ஆல்பரி, பீடர்சன், வான் வீன், ஸ்டைன்கிராஸ்.

இந்தப் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். தமிழர் காலையில் உண்ணும் இட்லியை ஆராய்ந்த கட்டுரையின் முதற் பெயர் முகர்ஜி என்னும் வங்கப் பெயர். பீடர்சன், உப்பிட்டுப் புளிக்க வைக்கும் முட்டைக்கோசைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர். வான் வீன் டச்சு நாட்டவர். ஜாவாத் தீவின் புளித்த உணவுகளை அங்கேயே இருந்து ஆராய்ந்தவர். பல நாட்டு அறிவு ஒரு மாவுப் பாத்திரத்தைச் சுற்றிக் கூடிற்று.

அவர்கள் கண்டது யாது? மாவைப் பொங்கச் செய்வது லூக்கோனாஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்னும் நுண்ணுயிர். அது சர்க்கரையைச் சிதைத்து லாக்டிக் அமிலத்தையும் கரியமிலவாயுவையும் உண்டாக்குகிறது. அமிலத்தால் புளிப்பு, வாயுவால் பொங்குதல். ரொட்டிக்கு ஈஸ்ட் செய்யும் வேலையை இத்தகைய லாக்டிக் நுண்ணுயிர் செய்வதாக அறிவியல் ஏட்டில் பதிவானது அதுவே முதன்முறை. பீடர்சனின் முட்டைக்கோசுச் சாடியிலே புளிப்பைத் தொடங்கி வைப்பதும் இதே உயிர்தான்!

இந்த நுண்ணுயிர் எங்கிருந்து வருகிறது? உளுந்தோடும் அரிசியோடும் வருகிறது. ஊறும்போதே பெருகத் தொடங்குகிறது. அரைத்தபின் மேலும் பெருகுகிறது. ஆகவே கைராசியைக் குறைகூற வேண்டுவதில்லை. ஏறத்தாழ முப்பது டிகிரி வெப்பத்திலே செழிக்கும் அவ்வுயிர், பதினான்கு டிகிரிக்கு இறங்கும் நம் ஜனவரி இரவிலே மந்தமாகிவிடுகிறது. என் தாயாரின் கண்ணீருக்குக் காரணம் இவ்வளவே. மாஷிமாவின் கம்பளி செய்ததும் இவ்வளவே.

உண்டான வாயு மாவிலே தங்கி நிற்பது எப்படி? இதற்கு விடை மைசூரில் 1970களில் கிடைத்தது. உளுந்திலுள்ள வழவழப்பான அராபினோகாலக்டன் என்னும் பொருளும், குளோபுலின் என்னும் புரதமும் சேர்ந்து அக்குமிழிகளைத் தாங்கிப் பிடிக்கின்றன என்று சுசீலம்மா, ராவ் ஆகிய இருவரும் காட்டினர். உளுந்து குறைந்தால் இட்லி கல்லாகும் என்று நம் பாட்டிமார் கூறியதன் உட்பொருள் இதுவே.

1977இல் பாங்காக் நகரிலே பல நாட்டு அறிஞர்கள் கூடித் தத்தம் நாட்டுப் புளித்த உணவுகளைப் பற்றிக் கருத்துப் பரிமாறினர். அதன் பயனாக ஸ்டைன்கிராஸ் பதிப்பித்த பெருநூல் 1983இல் வெளியாயிற்று. அந்நாள் ஆராய்ச்சி ஒவ்வோர் உயிரையும் தனியே வளர்த்துப் பார்த்தது. இன்றோ மரபணுவைப் படிக்கும் கருவிகளால், தனியே வளர்க்க இயலாத உயிர்களையும் சேர்த்து ஒரு சமுதாயமாகவே காண்கின்றனர். அச்சமுதாயத்தையும் அதன் செயல்களையும் சேர்த்தே 'மைக்ரோபயோம்' என்கின்றனர். அச்சொல்லுக்குத் தெளிவான வரையறை காண 2020இல் பல நாட்டு அறிஞர்கள் ஒன்றுகூடி எழுத வேண்டியிருந்தது. மண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து பாத்திரத்துக்கும், பாத்திரத்திலிருந்து வயிற்றுக்கும் தொடரும் இவ்வுலகை எந்த ஒரு நாடும் தனியே ஆராய்ந்து முடிக்க இயலாது.

பழமை என்பதனாலேயே ஓர் உணவு நன்மையாகிவிடாது என்பதையும் கூறவேண்டும். ஜாவாவிலே தேங்காய்ப் பிண்ணாக்கைப் புளிக்கவைத்துச் செய்யும் ஓர் உணவால் பலர் மாண்டனர். அதிலே நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிரை 1930களில் ஆராய்ந்து அறிந்தவர்களுள் மேலே கூறிய வான் வீனும் ஒருவர். நல்லுயிரையும் நச்சுயிரையும் பிரித்தறிய ஆராய்ச்சியே துணை.

இனி என் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1965ஆம் ஆண்டுக் கட்டுரையிலே ஐந்து பெயர்கள் உள்ளன. ஆயின் எத்தனை பங்கு அரிசிக்கு எத்தனை பங்கு உளுந்து, எவ்வளவு நேரம் ஊறல், எவ்வளவு நேரம் புளிப்பு என்று நூற்றாண்டுகளாகச் சோதித்துப் பார்த்த பெண்களின் பெயர் எங்கும் இல்லை. உயிர்வளத்தின் பயன் அதனைக் காத்தவர்க்கும் சேரவேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டின் 2002ஆம் ஆண்டுச் சட்டமும், 2010இல் ஏற்கப்பட்ட நகோயா உடன்படிக்கையும் கூறுகின்றன. சட்டம் நல்லதே. ஆனால் எழுதி வைக்கப்படாத அறிவைக் காட்டி நாம் எவ்வாறு உரிமை கோருவது?

இக்குறையை நானே செய்தவன். என் தாயார் கோடைக்கு ஓர் அளவும் குளிருக்கு ஓர் அளவும் வைத்திருந்தார். எப்போது உப்பிடுவது என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். நான் கேட்டு எழுதவில்லை. அவர் மறைந்தபின் என் மனைவியும் நானும் எத்தனையோ முறை முயன்றோம். அந்த இட்லி வரவில்லை. இன்று கடையிலே ஆயத்த மாவு கிடைக்கிறது. நம் குழந்தைகள் ஊறும் உளுந்தின் மணத்தையே அறியாமல் வளரலாம்.

ஆதலின் இச்சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். இங்குள்ள மூத்த தாய்மார் ஒவ்வொருவரிடமும் சென்று, இட்லி மாவு, பழையசோறு, மோர், ஊறுகாய் ஆகியவற்றை இந்நகரின் நீருக்கும் குளிருக்கும் ஏற்ப அவர்கள் எவ்வாறு மாற்றிக்கொண்டார்கள் என்பதை, அவர்கள் பெயரோடு எழுதுங்கள். அண்டை வீட்டு வங்கத் தாய்மாரின் பாந்தாபாத்தையும் மிஷ்டி தொய்யையும் அதே ஏட்டிலே சேருங்கள். நாளை ஓர் ஆராய்ச்சியாளர் நம் கதவைத் தட்டினால், வெறும் மாதிரியை மட்டும் கொடுத்தனுப்பாமல், பெயரோடு கூடிய அறிவையும் நாம் அளிக்கலாம்.

அந்த ஏட்டின் முதற்பக்கத்தில் என் தாயாரின் அளவை எழுத எனக்கு வழியில்லை. மாஷிமாவின் கம்பளியை எழுதித் தருகிறேன். எஞ்சிய பக்கங்களை நீங்கள் நிரப்புங்கள்.