வண்டி உறங்குமிடம் எங்கே?

சமயபுரத்திலே பூச்சொரிதல். கூடை கூடையாய்ப் பூ. சாரி சாரியாய் மக்கள். விடியவிடிய ஓடிய மின் ஆட்டோ எங்கே மின்னேற்றிக்கொள்ளும்?

2023-ஆம் ஆண்டுக் கொள்கையிலே தமிழக அரசு, மின்வாகன நகரங்கள் 6 என்றது. திருச்சியும் அவற்றுள் ஒன்று. 2022-லேயே ஒன்றிய அரசு நெறி வகுத்தது: நகரிலே 3 கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரு நிலையம், நெடுஞ்சாலையிலே 25 கிலோமீட்டருக்கு ஒன்று, இருபக்கமும். வரைபடத்திலே கோடு கிழிப்பது எளிது!

இது பெட்ரோல் ஊற்றுவது போன்றதன்று; சாதாரண இணைப்பிலே மணிக்கணக்காகும். வண்டி உறங்கும் இடமே அதற்கு நிலையம். மாடிவீட்டாருக்கு முகப்பு உண்டு. வாடகை அறையிலே வாழும் ஓட்டுநர் எந்தச் சன்னல் வழியே கம்பி இழுப்பார்? வீட்டுக்காரர்தான் ஒப்புவாரா?

கிளைக் கழகத் தோழர்களே, நம்பர் 1 டோல்கேட்டிலே தொடங்குங்கள். நிறுத்தந்தோறும் சென்று, இரவிலே வண்டி நிற்குமிடம் கேட்டு எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு பேரூராட்சிக்கும் மின்வாரியத்துக்கும் செல்வோம்.