மருந்துக்குச் சாகாத பூச்சி



எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டக்காரர்களில் சிலர், "முன்பு கேட்ட மருந்து இப்போது கேட்பதில்லை; எல்லாம் காலக் கொடுமை" என்கிறார்கள். காலம் என்ன செய்யும்? காரணமில்லாமல் காரியமேது?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து நடப்பைக் கேளுங்கள். அங்கே 1886-ம் வருஷத்தில், மரத்தைக் கூடாரத் துணியால் மூடி, உள்ளே சயனைடு விஷப் புகையை விட்டுச் செதில் பூச்சிகளைக் கொல்லும் முறை ஏற்பட்டது. மனிதனையே கொல்லக்கூடிய புகை அது. அப்படியிருந்தும், 30 வருஷத்திற்குள்ளாகவே கொரோனா என்னும் ஊர்ப் பக்கத்தில் சிவப்புச் செதில் பூச்சி அப்புகைக்குச் சாகாமல் பிழைக்கத் தொடங்கிற்று. பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று குவேல் என்ற ஆராய்ச்சிக்காரர் 1916-ல் கேட்டார். அச்சக்தி பரம்பரையாக இறங்குவதே என்று டிக்சன் என்பவர் 1941-ல் சோதித்துக் காட்டினார்.

இதில் மாயமென்ன இருக்கிறது? ஆயிரம் பூச்சியில் ஒன்றிரண்டுக்கு விஷத்தைத் தாங்கும் குணம் பிறப்பிலேயே இருக்கலாம். மருந்து அந்தக் குணத்தை உண்டாக்குவதில்லை. மற்றவற்றைக் கொன்று, அந்த ஒன்றிரண்டுக்குத் தோட்டத்தை ஒழித்துக் கொடுக்கிறது. பிறகு பிறப்பதெல்லாம் அவற்றின் பிள்ளைகளே. சல்லடையில் சலிப்பவன் நாமே. மேலே தங்கியதைக் கண்டு ஆச்சரியப்படுவதும் நாமே!

"அப்படியானால் இரட்டிப்பாக அடிக்கிறோம்" என்பீர்கள். இன்னும் கண் நெருங்கிய சல்லடையில் சலிப்பீர்கள், அவ்வளவுதான். சயனைடு போய் வேறு விஷங்கள் வந்தன. 1990-க்குப் பிறகு அவற்றில் பலவற்றையும் அதே பூச்சி, அதே மாகாணத்தில் தாங்கி நின்றது. பணம் போயிற்று, பூச்சி போகவில்லை.

அவர்கள் வேறு வழியும் தேடினார்கள். எங்கே தெரியுமா? 1956, 57-ல் நமது இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஒரு சிறு குளவியைக் கொண்டுபோனார்கள். அது செதிலுக்கடியில் முட்டையிட, அதன் புழு பூச்சியைத் தின்றுவிடுகிறது. கண்டபடி விஷமடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான்.

ஆகவே தோழர்களே! நாள் பார்த்து அடிக்காதீர்கள். இலையையும் காயையும் புரட்டிப் பூச்சியைப் பார்த்து அடியுங்கள். ஒரே வகை விஷத்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். பெயர் மாறினால் மருந்து மாறியதாகாது. உள்ளே இருக்கும் சரக்கு என்ன, அது எவ்விதமாய்க் கொல்லுகிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் விவசாய அதிகாரியைக் கேளுங்கள். கேட்காமல் வாங்கி அடிப்பது மந்திரித்த தண்ணீரைத் தெளிப்பதைவிட எந்த விதத்தில் உயர்ந்தது?