சித்திர வகுப்பும் சரித்திர வகுப்பும்



சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூருக்குச் சற்று அப்பால் இருப்பது எங்கள் ஊராகிய கடம்பத்தூர். காலை வேளையில் ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால், சோற்றுப் பாத்திரம் அடங்கிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆலை வேலைக்குச் செல்லும் இளைஞர் கூட்டத்தைக் காணலாம். அவர்களிற் பலர் என்னிடம் படித்தவர்கள். அவர்களுள் ஒருவனைப் பற்றிச் சொல்லியே இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், பொதுத் தேர்வு நெருங்கிய சமயம், பத்தாம் வகுப்புக்கு வாரம் ஒரு முறை நடந்த சித்திர வகுப்பை நிறுத்தி, அந்த நேரத்தைக் கணக்குப் பாடத்திற்குக் கொடுத்துவிட்டேன். எவரும் மறுப்புச் சொல்லவில்லை, பெற்றோர் மகிழ்ந்தனர். நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் மட்டும் என் அறை வாயிலில் வந்து நின்றான். "ஐயா, அந்த ஒரு வகுப்பில்தான் நான் முதல் மாணவன்" என்றான். தேர்வின் அவசியத்தை எடுத்துச் சொல்லி அவனை அனுப்பிவைத்தேன். குழந்தையின் இயல்பை அறிந்து கற்பிப்பதே கல்வி என்று ஆசிரியர் பயிற்சித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன் நான்!

பல ஆண்டுகளுக்குப் பின் அவனை ரயில் நிலையத்தில் சந்தித்தேன். உலோகத் தகடு வெட்டும் ஆலை ஒன்றில் வேலை செய்வதாகச் சொன்னான். "வரைபடத்தைப் பார்த்தால் உடனே புரிந்துவிடுகிறது, ஐயா, வரையத்தான் தெரியவில்லை" என்றான். அவன் குரலில் என்மீது குறை சிறிதும் இல்லை. அதுவே என்னை மிகவும் வருத்தியது.

ஓய்வு பெற்ற பின்னர் ஒரு கலைஞருடைய வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. படித்த பிறகே என் பிழை எவ்வளவு பெரியது என்பது தெளிவாயிற்று. அவர் கே. ஜி. சுப்பிரமணியன். 1924ஆம் ஆண்டில் வட கேரளத்துக் கூத்துப்பறம்பில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் பயின்றது ஓவியமன்று, பொருளாதாரம். 1942ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அதன் பயனாக அரசாங்கக் கல்லூரிகளின் கதவு அவருக்கு அடைபட்டது. ஒரு கதவு அடைபட்டபோது சாந்திநிகேதனத்தின் கதவு திறந்தது. 1944ஆம் ஆண்டில் அங்குள்ள கலாபவனத்தில் மாணவரானார்.

நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகிய மூவரும் அங்கே அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர். வினோத் பிகாரி அங்குள்ள இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால அடியார்களின் வாழ்வை ஓவியமாகத் தீட்டியபோது, உடனிருந்து உதவிய மாணவர்களுள் சுப்பிரமணியனும் ஒருவர். எங்கள் ஊருக்குத் தெற்கே ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுசரும் அச்சுவரில் இடம்பெற்றிருக்கிறார். ஆசிரியர் வரைய, மாணவர் வண்ணம் குழைத்துக் கொடுத்துக்கொண்டே கற்ற கல்வி அது.

1951ஆம் ஆண்டில் பரோடாப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவில் அவர் ஆசிரியரானார். ஓவியமும் சிற்பமும் கற்பிக்கும் கூரையின் கீழேயே கலை வரலாற்றையும் கற்பித்தது அந்நிறுவனம். தூரிகை பிடிப்பவன் வரலாறு அறிய வேண்டும். வரலாறு எழுதுபவன் தூரிகையின் பாரத்தை உணர வேண்டும் என்பதே அதன் பொருள்.

இடையில் 1959 முதல் 1961 வரை, பம்பாயில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புத் துறைத் துணை இயக்குநராக அவர் பணிபுரிந்தார். பேரோவியர் ஒருவருக்குத் தறியோடு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். தாளில் வளைந்து ஓடும் கோடு, தறிக்கு வந்ததும் பாவுக்கும் ஊடைக்கும் கட்டுப்பட்டுப் படிப்படியாகவே ஏறியாக வேண்டும். இழையை எண்ணத் தெரியாதவன் எத்துணை அழகாக வரைந்தாலும் அது சேலையாகாது. நெசவாளனின் விரல்களில் உள்ள அறிவும் அறிவேதான் என்பதை அறிய, ஓவியனுக்குத் தறியைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் ஏது?

அவர் ஒரு துறையில் அடங்கி நின்றவரல்லர். ஓவியம் தீட்டினார், மரத்தாலும் தோலாலும் மணிகளாலும் பொம்மைகள் செய்தார், கண்ணாடியின் பின்புறத்தில் வண்ணமிட்டார், குழந்தைகளுக்குப் படக்கதை எழுதினார். 1963ஆம் ஆண்டில் லக்னோ நகரத்து ரவீந்திராலயத்தின் சுவரில், தாகூரின் நாடகம் ஒன்றைச் சுடுமண் சிற்பமாகப் பதித்தார். மாணவர்களும் அவருடைய சாயலாக இராமல் தத்தம் வழியே சென்றனர். வினோத் பிகாரியின் மகள் மிருணாளினி முகர்ஜி அவரிடம் பயின்று, சணற்கயிற்றை முடிச்சிட்டு முடிச்சிட்டே மாபெரும் சிற்பங்களை உருவாக்கினார். குருவின் மகளுக்குத் தாம் குருவாக அமைந்தது எத்துணைப் பேறு!

1980ஆம் ஆண்டில் சாந்திநிகேதனத்துக்கே பேராசிரியராகத் திரும்பினார். கலாபவனத்துக் கட்டடம் ஒன்றின் வெளிச்சுவர் முழுவதையும் கறுப்பும் வெள்ளையுமாக எழுதி நிறைத்தார். 'வாழும் மரபு' என்று பொருள்படும் ஆங்கில நூலொன்றை 1987ஆம் ஆண்டில் வெளியிட்டார். மரபு என்பது பெட்டியில் பூட்டிவைக்கும் நகையன்று, நாள்தோறும் பேசிப் பழகும் மொழி போன்றது என்பது அவர் காட்டிய வழி. 2012ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2016ஆம் ஆண்டில் பரோடாவில் மறைந்தார்.

இவ்வளவும் பெரிய ஊர்களின் கதை, நமக்கென்ன என்று சிலர் கருதலாம். அன்பர்களே, வடிவமைப்பின் வரலாறு நம் மாவட்டத்து மண்ணிலேயே கிடக்கிறது. பூண்டிக்கு அருகில், கொசத்தலையாற்றங்கரையில் உள்ள அத்திரம்பாக்கத்தில், 1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே புதைந்திருந்தவற்றுள் தொன்மையானவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர். அக்கைக்கோடரியின் இருபுறமும் செதுக்கப்பட்டிருக்கும், உள்ளங்கையில் அடங்கும், முனை கூர்மையாக இருக்கும். கையையும் வேலையையும் கருதிக் கல்லுக்கு வடிவம் கொடுத்தவன் எவனோ, அவனே நம் முதல் வடிவமைப்பாளன்.

எங்கள் ஊரிலிருந்து அதே இருப்புப்பாதையில் மேற்கே சென்றால் திருவாலங்காடு. அவ்வூர் நடராசர் செப்புத் திருமேனி இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் அதன் புகைப்படங்களை மட்டுமே கண்டு வியந்து, 1913ஆம் ஆண்டில் கட்டுரை எழுதினார். புகைப்படம் பார்த்த அயல்நாட்டார் வியந்ததை, அன்றாடம் அவ்வழியே ரயிலில் போய்வரும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுத்தோமா?

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். சித்திர வகுப்பை எக்காரணத்தாலும் பறிக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவரட்டும். முறமோ, அரிவாள்மணையோ, பழவேற்காட்டு ஓலைக்கூடையோ, ஆலையில் கழித்த இரும்புத் துண்டோ, எதுவாயினும் சரி. முதலில் அதை வரையட்டும். பிறகு, இது ஏன் இந்த வடிவில் இருக்கிறது, யார் செய்தார்கள், பாட்டி காலத்தில் எப்படி இருந்தது என்று கேட்டு எழுதட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் சித்திரமும் சரித்திரமும் ஒன்றாகும். கணக்கும் தானாகவே உள்ளே வந்துவிடும். பூண்டியில் உள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்கு ஆண்டுக்கொரு முறை அழைத்துச் செல்வதும் அரிய காரியமன்று.

நான் நிறுத்திய வகுப்பை இனி என்னால் திருப்பித் தர இயலாது. ஆனால் உங்கள் பள்ளியிலும், வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டுமே முதல் மாணவனாக இருக்கும் பிள்ளை ஒருவன் இருப்பான். அந்த ஒரு மணி நேரத்தை அவனுக்கு விட்டுவையுங்கள்.