பிரிவுக்குப் பின் வரும் கோபம்: சட்டம் எங்கே குறுக்கிடுகிறது?



எங்கள் வீடுகளில் கதைக்கக் கூச்சப்படுகிற ஒரு விடயத்தை இந்த மாதம் எடுத்திருக்கிறேன். காதலித்தவர்கள் பிரிகிறார்கள். நிச்சயித்த கலியாணம் குழம்புகிறது. பிள்ளைகள் பெற்றுச் சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவி விலகுகிறார்கள். அதன் பிறகு வருகிற கோபத்தை எந்த அளவுக்கு வெளிக்காட்டலாம்? இந்த நாட்டுச் சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது?

நான் சவுத்தாலில் இருந்துகொண்டு பல வருடங்களாகச் சட்டத்தரணிகளின் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். எவருடைய வழக்கையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த ஒரு வசனத்தைச் சொல்லலாம். "நான் அடிக்கேல்லை, தொடக்கூட இல்லை. போன்தானே எடுத்தனான். இதுக்கு ஏன் பொலிஸ்?"

இதற்கு விடை சொன்ன வழக்கொன்று எங்களுக்கு மேற்கே, இதே ரயில் பாதையில் இருக்கிற ரெடிங் நகரத்து நீதிமன்றத்துக்கு வந்தது. அன்ரனி பேர்ஸ்டோ என்பவரோடு பழகிய பெண் உறவை முறித்துக்கொண்டார். அவரால் அதை ஏற்க முடியவில்லை. 1995இல் மாதக்கணக்காக அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்துப் பேசாமல் இருந்தார். வீட்டடியிலும் வேலைத்தலத்திலும் போய் நின்றார். ஒளித்து நின்று படம் எடுத்தார். அவர் குடியிருந்த தெருவில் அசிங்கமான அட்டைகளைப் பரப்பினார். அந்தப் பெண் கடும் மனச்சோர்வு நோயில் விழுந்தார்.

அப்போது இதற்கென்று தனிச் சட்டம் இருக்கவில்லை. 1861ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை எடுத்து, கடும் உடற்காயம் ஏற்படுத்தியதாக வழக்குத் தொடுத்தார்கள். 3 வருடச் சிறை கிடைத்தது. 1997 யூலையில் பிரபுக்கள் சபையின் நீதியரசர்கள் அதை உறுதிசெய்தார்கள். மருத்துவர் இனங்காணக்கூடிய மனநோயும் உடற்காயமே என்பது அவர்களின் முடிவு. ஆகவே "தொடவில்லை" என்ற பதில் அன்றோடு செல்லாமல் போயிற்று.

அதே 1997இல் தொல்லை கொடுப்பதற்கு எதிரான தனிச் சட்டமும் வந்தது. ஒருவரைக் குறிவைத்து ஆகக் குறைந்தது 2 தடவை செய்தாலே அது தொடர் நடத்தை. சாதாரண புத்தியுள்ள ஒருவர் இதைத் தொல்லை என்று நினைப்பாரா என்பதுதான் அளவுகோல். "நான் அன்பில்தான் செய்தேன்" என்பது பதிலாகாது. பின்தொடர்வதைத் தனிக் குற்றமாக 2012இல் சேர்த்தார்கள். வன்முறை நடக்கும் என்று மற்றவர் பயப்படும் அளவுக்குப் போனால், தண்டனை 10 வருடச் சிறை வரை போகலாம்.

எங்கள் குடும்பங்கள் கட்டாயம் அறியவேண்டிய இன்னொரு பகுதி உண்டு. உங்கள் தூண்டுதலில் இன்னொருவர் செய்ததும் உங்கள் கணக்கில் சேரும். தம்பி ஒரு தடவை போன் எடுக்கிறான். சிநேகிதன் ஒரு தடவை வாசலில் போய் நிற்கிறான். "நான் ஒண்டும் செய்யேல்லை" என்று சொல்ல முடியாது. அனுப்பியவரும் மாட்டுவார், போனவரும் மாட்டுவார்.

இனி வார்த்தைகள். "உன்னைக் கொண்டுபோடுவன்" என்று எங்கள் ஆட்கள் கோபத்தில் வாய் தவறிச் சொல்வதுண்டு. ஊரில் அதைப் பெரிதாக எடுக்கமாட்டார்கள். இங்கே அது வட்ஸ்அப்பில் குரல் பதிவாக இருக்கும். அதை ஆங்கிலத்தில் மாற்றுவது என் போன்றவரின் வேலை. மொழிபெயர்ப்பாளர் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கேட்டவர் நம்பிப் பயப்படவேண்டும் என்ற நோக்கத்தோடு சொன்னதாக நிரூபித்தால், கொலை மிரட்டலுக்கு ஒரு தடவையே போதும். அதற்கும் 10 வருடம் வரை தண்டனை உண்டு.

படங்களும் அப்படித்தான். நெருக்கமாக இருந்த காலத்தில் நம்பித் தந்த அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றிப் பிறருக்குக் காட்டுவது 2015 முதல் குற்றம். காட்டுவேன் என்று வெருட்டுவதும் 2021 முதல் குற்றம். முன்பு, மனவேதனை தரும் நோக்கம் இருந்ததா என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 2024 சனவரி 31 முதல் அந்த நோக்கம் இல்லாவிட்டாலும் குற்றமே. யாழ்ப்பாணத்தில் இருக்கிற தாய் தகப்பனுக்கு இங்கிருந்து அனுப்பினாலும் தப்பமுடியாது.

அகதியாக வந்த எங்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது. பிரித்தானியக் குடியுரிமை இல்லாதவர் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடுகடத்தல் உத்தரவு வரலாம். அகதி அந்தஸ்து உள்ளவர்களுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் அது எல்லாக் குற்றத்துக்கும் கைகொடுக்காது. எத்தனையோ கஷ்டப்பட்டு எடுத்த விசாவை ஒரு வாரக் கோபத்தில் தொலைக்கலாம்.

மறுபக்கமும் சொல்லவேண்டும். "உன்ரை விசாவை வெட்டுவிப்பன்" என்பது பிரிவின்போது வழமையாக வருகிற வெருட்டு. கணவன் அல்லது மனைவியின் விசாவில் வந்தவர் வன்முறையால் பிரிந்தால், தானே நிரந்தர வதிவிட உரிமை கேட்க வழி இருக்கிறது. உடனே ஒரு குடிவரவுச் சட்டத்தரணியைப் பாருங்கள். எங்கள் சவுத்தாலிலேயே 1979 முதல் சவுத்தால் பிளாக் சிஸ்ரர்ஸ் அமைப்பு இப்படியான பெண்களுக்கு உதவி வருகிறது. ஆபத்தென்றால் ஆணோ பெண்ணோ 999ஐ அழையுங்கள்.

அப்படியென்றால் கோபமே படக்கூடாதா? படலாம். சட்டம் கோபத்தைத் தண்டிப்பதில்லை. அழலாம். நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுத் திட்டலாம். இலக்கத்தைத் தடைசெய்யலாம். கொடுத்த காசும் தாலிக்கொடியும் திரும்பி வரவில்லையா? சட்டத்தரணி மூலம் கடிதம் போடலாம், வழக்கும் போடலாம். பிள்ளைகளைப் பார்க்கவேண்டுமா? குடும்ப நீதிமன்றத்துக்குப் போகலாம். நியாயமான இந்த வழிகள் தொல்லை ஆகமாட்டா.

சட்டம் பிடிக்காத இடமும் இருக்கிறது. கோவிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் நின்று, "அவள் அப்படிப்பட்டவள்" என்று ஒரு வசனம் சொன்னால் பொலிஸ் வரமாட்டாது. ஆனால் அந்தக் கதை லண்டன், ரொறன்ரோ, யாழ்ப்பாணம் என்று ஒரே நாளில் சுற்றி, அந்தப் பிள்ளையின் அடுத்த கலியாணப் பேச்சையே குழப்பிவிடும். சட்டம் பெரும்பாலும் இரண்டாவது தடவையில்தான் எழும்புகிறது. மனச்சாட்சி முதலாவது தடவையிலேயே எழும்பவேண்டும்.

திருவள்ளுவர் கோபத்தை இரண்டாகப் பிரித்து வைத்தார். வெகுளி என்ற கோபத்தை 31ஆம் அதிகாரத்தில் கண்டித்தார். ஊடல் என்ற கோபத்தை ஏற்றுக்கொண்டு, ஊடலுவகை என்ற அதிகாரத்தோடு நூலையே முடித்தார். ஊடல் உறவுக்குள் இருக்கிறவர்களுக்குச் சொந்தமானது. இரண்டு பேரும் உறவை விரும்புகிற வரைக்கும்தான் அதற்கு இடமுண்டு. ஒருவர் "முடிந்தது" என்று சொன்ன பிறகு, வாசலில் போய் நிற்பதும் விடிய விடியப் போன் எடுப்பதும் ஊடல் ஆகாது. பின்னால் திரிந்தால் மனம் மாறும் என்று எங்கள் சினிமாக்கள் காட்டியதை நம்பி வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை யார் சொல்வது?

நாங்கள்தான் சொல்லவேண்டும். பிள்ளை பிரிந்து வந்து நிற்கும்போது "விடாதே, கேள்" என்று உசுப்பேற்றாதீர்கள். "உனக்கு வலிக்குது, எனக்கு விளங்குது. போனை என்னட்டைத் தா, சாப்பிடு, படு" என்று சொல்லுங்கள். மானம் போய்விட்டதென்று பெரியவர்கள் குதிக்காமல் இருந்தாலே, பாதி வழக்குகள் நீதிமன்றத்துக்கு வராது என்பது என் அபிப்பிராயம்.

நேயர்களே, உங்கள் கருத்துகளை நிலையத்துக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.