மணல் ஆற்றிலும் வெள்ளம் வரும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பொறியாளரான நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"நம்ம வெள்ளாற்றில் வருஷம் முழுக்க மணல்தானே கிடக்கிறது, இங்கே என்ன வெள்ளம் வந்துவிடும்?" என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வெள்ளம் ஊருக்கு ஊர் வேறு காரணத்தால் வருகிறது.

ரஷ்யாவின் லேனா ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. வசந்த காலத்தில் தெற்கே முதலில் பனி உருகும். வடக்கே ஆறு இன்னும் உறைந்தே இருக்கும். மிதந்து வரும் பனிப்பாளங்கள் அடைத்துக்கொள்ள, தண்ணீர் கரையேறும். மழையே வேண்டாம். லடாக் குளிர்ப் பாலைவனம். 2010 ஆகஸ்டில் லே நகரில் கொட்டிய மழை, பிடித்து நிறுத்த மரம் செடி இல்லாத சரிவில் சேறாக இறங்கிப் பல உயிர்களைக் கொண்டுபோனது. காவிரியில் திருச்சிக்காரர்கள் வெயிலில் நின்று வெள்ளம் பார்ப்பார்கள். மழை பெய்வது குடகில்.

நமக்கு வடகிழக்குப் பருவமழை. சில நாட்களில் மொத்தமாகக் கொட்டிவிடும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. நவம்பர் மழையிலேயே மண் ஊறி, ஏரிகள் நிறைந்திருந்தன. அதனால் பெய்தது அப்படியே அடையாற்றுக்கு ஓடியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல்!

நம் மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் உள்ளன. மேல் கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாகக் கீழ்க் கண்மாய்க்கு, கடைசியில் ஆற்றுக்கு. முன்னோர்கள் வெள்ளத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்த ஏற்பாடு இது. வரத்து வாய்க்கால் அடைபட்டால் கண்மாய் காய்ந்து கிடக்கும், தெரு மூழ்கும். மேலே ஒரு கரை உடைந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் அடுத்த கரையில் மோதும்.

இப்போது நம் வீட்டுக் கதை. பின்சுவரை ஒட்டிப் போவது சாக்கடை அல்ல, வரத்து வாய்க்கால். அதில் கிடக்கும் உடைந்த டைல்ஸும் செங்கலும் நம் வீடுகளிலிருந்து போனவை. என் வீட்டுக் குளியலறையை இடித்தபோது போட்டதும் அதில் உண்டு, மறைக்க விரும்பவில்லை. போன கார்த்திகையில் சம்ப்பில் அழுக்குத் தண்ணீர் கலந்து, நான்கு நாள் லாரித் தண்ணீர் வாங்கினோமே, அது வானம் செய்த வேலை இல்லை.

அதனால் ஒரே ஒரு கோரிக்கை. புரட்டாசி முடிவதற்குள் அந்தக் குப்பையை அள்ளிவிடுவோம். அள்ளியதை இன்னொரு கண்மாய்க்குள் கொட்ட வேண்டாம். இனி யார் வீட்டில் வேலை நடந்தாலும், இடிபாட்டை எங்கே கொட்டுவது என்று முதலில் முடிவு செய்துவிட்டுச் சுத்தியலை எடுக்கட்டும். செலவில் முதல் பங்கு என்னுடையது.